தம்பலகாமத்தில் தண்ணீர் வடிந்தபோது

திருகோணமலையில் ஏறிய ரயில் சீனன்குடாவோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் தண்டவாளத்தை வெள்ளம் அரித்துவிட்டது, எப்போது திருத்துவார்களோ தெரியாது என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். நானும் என் கணவரும் மூட்டைகளை இறக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினோம். தம்பலகாமத்தில் இருந்த மச்சாளின் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். மச்சாள் என் கணவரின் அக்கா. அவருக்கு இருந்த ஒரே கூடப்பிறப்பு.

உலக யுத்த காலம், மார்கழி மாதம். கந்தளாய்க் குளம் நிரம்பி வான் பாய்ந்து தம்பலகாமம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கிறது என்ற கதை சந்தையில்தான் என் காதில் விழுந்தது. கணவர் அப்போது துறைமுகத்தில் கடற்படைக்காரரின் பட்டறையில் தச்சு வேலை செய்தார். அந்த நாட்களில் அங்கே லீவு கேட்பது லேசான காரியமில்லை. மேலே இருந்த வெள்ளைக்காரனுக்கு எதைச் சொல்லி எப்படி விளங்கப்படுத்தினாரோ, ஒரு கிழமை லீவோடு வீட்டுக்கு வந்தார். மகளைக் கடற்கரை ஊரான சல்லியில் என் அம்மாவிடம் விட்டோம். பங்கீட்டுக் கூப்பன் அரிசியில் மிச்சம் பிடித்தது கொஞ்சம், பாண், கருவாடு, ஒரு போத்தல் மண்ணெண்ணெய், விளக்குமாறுகள், அவருடைய உளிப்பெட்டி. கொண்டுபோக எங்களிடம் இருந்தது அவ்வளவுதான்.

சீனன்குடா விமானத் தளத்தில் ஆகாயக் கப்பல்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அங்கே வெள்ளத்தின் அடையாளமே இல்லை. சிறிது தூரம் போனதும் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரியத் தொடங்கியது. சில இடங்களில் தண்டவாளத்தின் கீழிருந்த கல் எல்லாம் போய், கட்டைகள் அந்தரத்தில் தொங்கின. அந்த இடங்களில் கணவர் மூட்டையை அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் கடத்தினார். ஒரு நாவல் மரத்தில் பாம்புகள் கிளைக்குக் கிளை சுற்றிக் கிடந்தன. வயல் இருந்த இடமெல்லாம் பழுப்பு நிறம். பயிரின் நுனிகூட வெளியே தெரியவில்லை.

மச்சாளைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். என்னை அவருக்குப் பிடிக்காது. கடற்கரைக் குடும்பத்துப் பெண்ணைத் தம்பி கட்டியது அவருடைய மனதுக்கு ஒவ்வவில்லை. திருகோணமலையில் குண்டு விழுந்த வருடம் ஊரே பிள்ளைகுட்டிகளோடு உள்நாட்டுக்கு ஓடியது. கடற்கரை ஓரம் இருந்த எங்கள் வீட்டைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. நாங்கள் மச்சாளின் வீட்டுக்குத்தான் போனோம். மாதக்கணக்கில் எங்களுக்குச் சோறு போட்டார். ஒரு நாளும் குறைவாகப் போடவில்லை. ஆனால் காலையில் எழும்பியது முதல் நான் செய்கிற எதுவும் அவருடைய கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நான் முற்றம் கூட்டினால், "அப்பிடியோ கூட்டுறது? குப்பையை எல்லாம் கிணத்தடிக்குத் தள்ளிவிட்டிருக்கு" என்பார். நான் மெழுகினால், "சல்லியில மணல்தானே, நிலம் மெழுகிப் பழக்கமில்லைப் போல" என்பார். சொல்லிவிட்டு அந்த இடத்தைத் தானே திரும்ப மெழுகுவார். அவருடைய வீடு அப்படித் துப்புரவாக இருக்கும். குசினியில் பானைகள் அளவு வாரியாக அடுக்கியிருக்கும். அலுமாரிக்கு மேலே ஒரு பொட்டுத் தூசு இராது. அங்கிருந்து திரும்பி, பட்டணத்தில் ஒரு பின்தெருவில் ஒற்றை அறையொன்றை வாடகைக்கு எடுத்தபோது, அறை சின்னது என்று கணவர் கவலைப்பட்டார். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பொழுது சாய முதல் போய்ச் சேர்ந்தோம்.

வேலி இல்லை. முற்றத்தில் நின்ற தோடை மரம் சரிந்து கிடந்தது. குசினியின் ஒரு பக்கச் சுவர் கரைந்து விழுந்து, அடுப்பு வெளியே தெரிந்தது. வீட்டுச் சுவரில் யன்னல் மட்டத்துக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு சுற்றி ஓடியது. தண்ணீர் அவ்வளவு உயரத்துக்கு நின்றிருக்கிறது. மச்சாள் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்த உரலின் மேல் இருந்தார். சேலை முழங்கால் வரை சேறு. அவருடைய மகள், கல்யாண வயதுப் பிள்ளை, பக்கத்தில் நின்றாள். தண்ணீர் ஏறிய நாள் முதல் ஊரோடு சேர்ந்து கோயில் மண்டபத்தில் கிடந்துவிட்டு அன்று காலையில்தான் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

மச்சாள் எங்களைப் பார்த்து, "வந்திட்டீங்களோ" என்றார்.

"அத்தான் எங்க, அக்கா?" என்று கணவர் கேட்டார்.

"வயலுக்குப் போட்டார்."

"வயல் தண்ணிக்குள்ளயெல்லோ கிடக்கு?"

"ஓம். அதைப் பாக்கத்தான் போனவர்."

மச்சாளின் கணவரை நான் அண்ணர் என்று கூப்பிடுவேன். சாந்தமான மனிதர். இருட்ட முதல் வந்தார். எங்களைக் கண்டு தலையசைத்துவிட்டு, நேரே கொம்பறை நின்ற பக்கம் போனார். வீட்டுச் சாப்பாட்டு நெல்லும் சிறுபோகத்துக்கு வைத்த விதை நெல்லும் அந்த மண் கூட்டுக்குள்தான் இருந்தன. கணவரும் நானும் பின்னால் போனோம். அண்ணர் மூடியைத் தூக்கினார். புளித்த கள்ளைப்போல ஒரு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே நெல் எல்லாம் முளைத்து, வெள்ளை வெள்ளையாய் முளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மேலே வந்திருந்தன. அண்ணர் கையை விட்டு அளைந்து பார்த்தார். உள்ளே சூடாக இருக்கிறது என்று சொன்னார். பிறகு மூடியைப் போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் துப்புரவு வேலை தொடங்கியது. வெள்ளம் போன வீட்டைக் கழுவுவது எப்படியென்று எனக்கு அதுவரை தெரியாது. சேற்றை அது காய முதல் அள்ளவேண்டும். காய்ந்தால் கல்லாகிவிடும். அள்ளிய பிறகு கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். கிணறோ விளிம்பு மட்டும் வெள்ளத் தண்ணீரால் நிறைந்து, மேலே செத்த எலிகள் மிதந்துகொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் வாய்க்காலில் ஓடிய வெள்ளத் தண்ணீரையே குடத்தில் அள்ளி வந்து, வெள்ளம் கொண்டுவந்த சேற்றைக் கழுவினோம். ஆண்கள் இருவரும் மண்வெட்டியால் அள்ளிக் கடகத்தில் போட, நானும் எனக்கு மருமகள் முறையான மச்சாளின் மகளும் தூக்கிக்கொண்டுபோய் வெளியே கொட்டினோம். மண்வெட்டி போகாத மூலைகளை மச்சாள் சிரட்டையால் சுரண்டினார். ஒரு தடவை கழுவினால் நிலம் தெரியும். காலை வைத்தால் அடியில் இருந்து மீண்டும் சேறு ஊறி வரும்.

வீட்டு மாடுகளில் ஒரு பசுவை வேலிக் கம்பிக்குள் சிக்கியபடி கண்டெடுத்தார்கள். வெள்ளம் வரும்போது மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்களாம். மற்றவை எங்கே போயினவென்று தெரியவில்லை. இது மட்டும் வீட்டை விட்டுப் போகாமல் நின்று செத்திருக்கிறது. அண்ணரும் கணவரும் அதைப் புதைக்க ஒரு பகல் முழுவதும் போயிற்று. எவ்வளவு ஆழம் தோண்டினாலும் குழிக்குள் தண்ணீர் ஊறியது.

அலுமாரியின் கதவு ஊறித் திறக்க ஏலாமல் இருந்தது. கணவர் உளியை வைத்து மெல்ல மெல்ல நெம்பித் திறந்தார். மச்சாளும் மகளும் பின்னால் வந்து நின்றார்கள். மருமகளுக்கு அறுவடை முடிந்து வைகாசியில் கல்யாணம் பேசியிருந்தது. யுத்தத்தில் துணி கிடைக்காமல் போய்விடுமென்று பட்டுச்சேலையை முன்கூட்டியே வாங்கி அதற்குள் வைத்திருந்தார்கள். சேலையின் சிவப்புச் சாயம் கழன்று, பக்கத்தில் இருந்த வேட்டி, சால்வை, தலையணை உறை எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. மடிப்புகளுக்குள் வண்டல் படிந்து பலகையாய் ஒட்டியிருந்தது.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மச்சாள் அழவில்லை. சேலையை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். இரண்டு பேருமாய் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்து அலசினோம். சிவப்புத் தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. வண்டல் போன இடத்தில் பழுப்புக் கறை நின்றது.

"வெயில் எறிச்சால் கறை போகும் மச்சாள்" என்றேன். போகாது என்று எனக்கே தெரியும்.

மச்சாள் சேலையைப் பிழிந்தார். பட்டை அப்படிப் பிழியக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். ஈரத்தோடு மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

அந்த வீட்டில் எனக்கு மனது கிடந்து அடித்துக்கொண்டது சேற்றைக் கண்டோ, செத்த பசுவைக் கண்டோ அல்ல. மச்சாளின் வாய் அடங்கிப் போனதைக் கண்டுதான். நான் விறாந்தையைக் கழுவும்போது அழுக்குத் தண்ணீர் உள்ளே போனது. மச்சாள் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. பானைகளைக் கழுவி எப்படியோ கவிழ்த்து வைத்தேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் நான் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தபோது உப்புக் கூடியிருந்தது. பேசாமல் சாப்பிட்டார். என்னால் தாங்க முடியவில்லை.

"மச்சாள், ஏதும் பிழையெண்டால் ஏசுங்கோவன்" என்றேன்.

என்னை முழித்துப் பார்த்தார். நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஏசி என்ன செய்யிறது பிள்ளை" என்றார்.

அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடமும் அதை எதிர்பார்த்திருந்தவள்தான் நான். ஆனால் அன்று அந்தச் சொல்லில் அன்பு இருக்கவில்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

வயலில் தண்ணீர் இறங்கியதும் அண்ணர் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தூரத்தில் இருந்து பார்க்கும்போது வயல் வெள்ளையாகத் தெரிந்தது. கிட்டப் போனபோதுதான் மணல் என்று தெரிந்தது. வாய்க்கால் கரை உடைந்த இடத்தால் ஆற்று மணல் வந்து வயலை மூடியிருந்தது. வரம்பு எது, வயல் எது என்று பிரித்துச் சொல்ல ஏலாது. அண்ணர் ஒரு கம்பை எடுத்து ஊன்றினார். துடை அளவுக்கு இறங்கியது.

"அள்ள ஏலாதோ அத்தான்?" என்று கணவர் கேட்டார்.

"அள்ளி எங்க கொட்டுறது? பக்கத்து வயலிலயோ? அவன்ர வயலிலயும் இதுதானே கிடக்கு."

கணவர் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தார்.

"கூலிக்கு ஆள் பிடிக்கவும் ஏலாது" என்றார் அண்ணர். "பெடியங்கள் எல்லாரும் சீனன்குடாவில வேலைக்குப் போட்டாங்கள். என்னையும் கூப்பிட்டவங்கள். வயலை விட்டிட்டு வர ஏலாதெண்டு சொன்னனான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கம்பை மணலில் இருந்து பிடுங்கி எறிந்தார்.

எப்படியோ வீட்டை ஓரளவுக்குக் கொண்டுவந்தோம். கணவர் கதவுகளைச் சீவிப் பூட்டினார், கதிரைகளின் கால்களை இறுக்கினார். குசினிச் சுவருக்குப் பதிலாகத் தட்டி கட்டினார். ஆண்கள் துலாவில் மாறி மாறி நின்று கிணற்றை இறைத்தார்கள். நிலத்துக்குக் களிமண் போட்டு அடித்தோம். மெழுகச் சாணி இல்லை. மாட்டுக்காரர்கள் இருந்த ஊரில் ஒரு கூடை சாணிக்காக நானும் மருமகளும் வீடு வீடாகப் போனோம். எல்லா வீட்டிலும் கையை விரித்தார்கள். கடைசியில் கோயில் பக்கம் மேட்டில் தப்பி நின்ற மாடுகளுக்குப் பின்னால் திரிந்து கொஞ்சம் பொறுக்கிக்கொண்டு வந்தோம். மச்சாள் தானே கரைத்து மெழுகினார். நடு வீட்டுக்கு மட்டும்தான் அது போதுமாக இருந்தது.

நாங்கள் புறப்பட இருந்ததற்கு முதல் நாள், மெழுகிய நிலம் இன்னும் காயவில்லை, காலையில் இருந்து வானம் இருண்டுகொண்டு வந்தது. மத்தியானம் மழை பிடித்தது. விட்ட மழையென்று நினைத்திருந்த எல்லாரும் வாசலில் வந்து நின்று பார்த்தோம். வாய்க்காலுக்குத்தான் கரையே இல்லையே. தண்ணீர் முற்றத்துக்கு வந்தது, படியில் ஏறியது, பிறகு வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. பெரிய வெள்ளமில்லை, கணுக்கால் அளவுதான். ஆனால் அது போதும். களிமண் ஊறி, சாணியும் சேறும் ஒன்றாகக் கலந்து மிதந்தன.

கணவரும் நானும் பாயையும் பெட்டியையும் தூக்கிக் கட்டிலில் போட்டோம். மருமகள் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மச்சாள் கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. தண்ணீர் காலடியில் வந்தது. காலைக்கூடத் தூக்கவில்லை.

"அக்கா, எழும்புங்கோ" என்று கணவர் கத்தினார்.

"எழும்பி எங்க போறது தம்பி?" என்றார் மச்சாள். கோபமில்லாமல், கேள்வியாகத்தான் கேட்டார். எங்களோடு வாருங்கள் என்று சொல்வதற்கு எங்களிடம் இருந்தது அந்த ஒற்றை அறைதான். அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் நாங்கள் வெளிக்கிட்டோம். லீவு முடிந்திருந்தது. பிந்திப் போனால் வேலை போய்விடும். வீட்டுக்குள் திரும்பவும் சேறு. கொண்டுபோன விளக்குமாறுகளை விட்டுவிட்டு வந்தோம். மருமகள் வேலி இருந்த இடம் வரை கூட வந்தாள். வெயில் ஏறிய நேரத்தில் சேலைத் தலைப்பால் உடம்பைப் போர்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பிள்ளை, காய்ச்சலோ?" என்று நெற்றியைத் தொட்டேன்.

"குளிருது மாமி. வேற ஒண்டுமில்லை" என்றாள். நெற்றி கொதித்தது.

வெள்ளத்துக்குப் பின்னால் தம்பலகாமம் முழுவதும் மலேரியாக் காய்ச்சல் பரவியது. ஊர் ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் கொயினா மருந்து இல்லை. யாவாவை யப்பான்காரன் பிடித்த பிறகு கொயினா வருவதில்லை என்று பட்டணத்தில் சொல்லிக்கொண்டார்கள். சிப்பாய்களுக்கு மட்டும் காய்ச்சலுக்கு மஞ்சள் குளிசை கொடுத்தார்கள். கணவர் பட்டறையில் யார் யாரையோ பிடித்துக் கெஞ்சி, கொஞ்சம் குளிசை வாங்கி, அந்தப் பக்கம் போன ஒரு லொறிக்காரரிடம் கொடுத்து அனுப்பினார். அப்போது அண்ணருக்கும் காய்ச்சல் பிடித்திருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. வந்த குளிசை முழுவதையும் அவர் மகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். தனக்குச் சும்மா தடிமன் என்றாராம். மகள் தப்பினாள். அவர் தப்பவில்லை.

செத்த வீட்டுக்கு நாங்கள் போனபோது ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் இருந்தார்கள். மருமகளைப் பார்த்தார்கள். காய்ச்சலில் தலைமயிர் கொட்டி, எலும்பும் தோலுமாக இருந்தாள். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார்கள். பிறகு அவர்களிடம் இருந்து ஒரு கதையும் வரவில்லை. மச்சாளும் ஆளனுப்பிக் கேட்கவில்லை.

அடுத்த மாரிக்கு முன் வீட்டின் பின்சுவரும் இடிந்து விழுந்துவிட்டது. கணவர் போய் அக்காவையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஒற்றை அறையில் நாங்கள் ஐந்து பேர். நடுவில் ஒரு சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டோம். மச்சாள் நான் காட்டிய மூலையில் தன் பெட்டியை வைத்தார். அதன் பிறகு, அந்த இடம் வசதியில்லை என்றோ, காற்று வரவில்லை என்றோ ஒரு நாளும் சொல்லவில்லை. மருமகள் பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கிற இடத்தில் வேலைக்குப் போனாள். அவளுக்குக் கல்யாணம் பேசி இரண்டு மூன்று இடத்தில் போய்ப் பார்த்தோம். ஒன்றும் சரிவரவில்லை. யுத்தம் முடிந்ததும் அந்த வேலையும் நின்றது. பட்டறையிலும் ஆட்களைக் குறைத்தார்கள். கணவர் உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிடைத்த இடத்தில் கூலிக்குத் தச்சு வேலை செய்தார்.

அந்த நாட்களில் ஒருமுறை, வயலையாவது திருத்தலாமா என்று பார்க்க அவரும் நானும் தம்பலகாமம் போனோம். மணல் இறுகியிருந்தது. எருக்கலையும் முட்செடியும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, உள்ளே இறங்க வழியில்லை. யானை நடந்த தடம் இருந்தது. வீடு நின்ற இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் தெரிந்தது. ஊர்க்காரர் ஒருவர், "இனி இதில ஒண்டும் செய்ய ஏலாது தம்பி" என்றார்.

திரும்பி வந்தபோது மச்சாள் வாசலில் சுளகோடு இருந்து கூப்பன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கணவர் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"மணல் அப்பிடியே கிடக்கு அக்கா" என்றார்.

"ஓம். கிடக்கும்" என்றார் மச்சாள். ஒரு கல்லை எடுத்துத் தெருவில் எறிந்துவிட்டு, மீண்டும் அரிசிக்குள் குனிந்தார்.